இடது பக்கக் கொடி

டப்போ, ஆஸ்திரேலியா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜோஸ்லின்,

உங்கள் அப்பாவுக்குக் கார் பந்தயம் கற்றுத்தரும் டாம்சின் எழுதுகிறேன். பண்ணையில் மழை போதுமான அளவு பெய்திருக்கிறது. ஆடுகள் நலம்.

மார்ச் மாதம் தொலைபேசியில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அறுபத்தாறு வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவரைச் சுற்றுக்கு ஒன்பது வினாடி வேகமாக்கிவிட்டேன்.

புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவேன். பிறகு அவர்கள் ஓட்டியதையும் நான் ஓட்டியதையும் கணினியில் இரண்டு கோடுகளாக வைத்து ஒப்பிடுவோம். வலது வளைவுகளில் உங்கள் அப்பா நெவிலின் கோடு என் கோட்டின் மேலேயே படிந்தது. இடது வளைவுகளில் மட்டும் ஒன்றரை மீட்டர் விலகி நின்றது. பயம் என்று நினைத்து, இடது ஓரத்தில் ஆறு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, உரசாமல் ஒட்டிப் போகச் சொன்னேன். ஆறு கூம்புகள் மேலும் காரை ஏற்றினார். "கூம்புதானேம்மா, ஆடா என்ன?" என்றார்.

அப்புறம்தான் ஒப்புக்கொண்டார். "இடது பக்கம் கொஞ்ச நாளா மூடுபனி. ரேஸ் லைசென்ஸுக்குக் கண் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு வெயில் நல்லா அடிச்சுது."

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் எந்தக் குறையைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பயிற்சி கண்டுபிடித்துவிடுவோம். நாலாவது வளைவுக்கு முன் ஒரு மேடு உண்டு. முதுகு குலுங்கியதும் இரண்டு எண்ணித் திருப்புங்கள் என்றேன். ஏழாவதில் எஞ்சின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். அது நின்றதும் திருப்புங்கள் என்றேன். சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்த மாணவர் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஒரு பயிற்சியாளராக நான் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

கடந்த ஞாயிறு, நாலாவது வளைவில் ஒரு கார் சுழன்று நின்றுவிட்டது. தடத்து ஊழியர்கள் இரண்டு பேர் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊழியர்கள் இடது பக்கத்தில் நின்று, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியை ஆட்டினார்கள். கொடி குலுங்க வைக்காது, சத்தமும் போடாது. உங்கள் அப்பா இரண்டு எண்ணி, முழு வேகத்தில் திரும்பினார். தள்ளியவர்களில் கெய்னர் என்ற பெண் டயர் சுவரைத் தாண்டிக் குதித்ததில் மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பெண் ஒரு நொடி தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு யாருக்கோ எழுதிக்கொண்டிருப்பேன்.

விசாரணையில் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வளைவோட முடிவை மட்டும் பாருங்கன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அதான் கொடியைக் கவனிக்கல." புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு என்பதால் நம்பிவிட்டார்கள். எச்சரிக்கையோடு முடிந்தது. வெளியே வந்ததும், "பொய்யும் நல்லா சொல்ற. அதுக்கும் பயிற்சி உண்டா?" என்றார்.

இத்தோடு போதும் என்றேன். அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். "இதை விட்டா, அடுத்து டவுனுக்குப் போற வண்டியை விடணும். அப்புறம் பண்ணை. அப்புறம் டார்வின்ல ஜோஸ்லின் வீட்டுப் பின்னறையில உக்காந்து ஃபேனைப் பாக்கணும். அதுவும் வலது பாதி ஃபேன். வர்ற ஞாயித்துக்கிழமை நீ வராட்டிப் போ, நானே எண்ணிக்கிறேன்."

நாளை விசாரணைக் குழுவுக்கு உண்மையை எழுதிவிடுவேன். அவருடைய பந்தய உரிமம் போகும், என்னுடையதும் போகலாம். ஆனால் அவர் வீட்டு வாசலிலிருந்து பால் வாங்கும் கடை வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். பள்ளிப் பேருந்து இடது பக்கச் சாலையிலிருந்துதான் வந்து சேர்கிறது. அங்கே கொடி காட்ட யாரும் இல்லை. அந்தக் குழுவின் அதிகாரமும் பந்தயத் தடத்தின் வேலியோடு முடிந்துவிடுகிறது.

ஞாயிறுக்கு முன் வாருங்கள். வந்து எல்லாச் சாவிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். உங்களை அவர் மன்னிப்பார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவரை நான் ஆறு மாதமாக அறிவேன்.

பேசும்போது அவருக்கு வலது பக்கமாக உட்காருங்கள். உங்கள் முகம் அவருக்குத் தெரிய வேண்டும்.

வருத்தத்துடன்,
டாம்சின்