என் மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை

அன்பு அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வடக்கு டகோட்டாக் குளிர் எலும்பைத் துளைத்தாலும் நான் நலம். எண்ணெய் வயலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன், வேலைக்குக் குறைவில்லை.

புதுக் கைத்துப்பாக்கியில் குண்டு ஏறாமல் அடிக்கடி சிக்குகிறது என்றேனே, அதை எனக்கு விற்ற கடைக்காரன் டுவெய்ன், சுட்டுப் பழகும் களத்தில் எல்லார் முன்னாலும், "பொண்ணுங்க மணிக்கட்டு தொளதொளன்னு இருக்கும், அப்படித்தான் சிக்கும்" என்று இளித்தான். லாரிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற கை இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துப்பாக்கியோடு வந்த, குண்டு அடுக்கும் இரண்டு மேகசின்களிலும் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று நகப்பூச்சால் அடையாளம் வைத்துச் சுட்டேன். சிவப்பு ஒழுங்காக ஓடியது, நீலம் மட்டுமே சிக்கியது. நீலத்தை மாட்டி அவனிடமே நீட்டினேன். அவன் கையிலும் சிக்கியது. "குளிரும்மா, அதான்" என்றான். எனக்குச் சிக்கினால் மணிக்கட்டு, அவனுக்குச் சிக்கினால் குளிர்! ஆனாலும் வேறு மேகசின் எடுத்துக் கொடுத்தான்.

அவன் கிடக்கிறான். போனில் நீங்களும் முதலில், "கெட்டியாப் பிடிச்சியாம்மா?" என்றுதானே கேட்டீர்கள்? எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

மான் உப்புக்கண்டம் கொஞ்சம் அனுப்புங்கள். இனிமேல் என் மணிக்கட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ராத்திரி தனியாகச் சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

லாரி எடுக்க நேரமாகிவிட்டது.

உங்கள் ரோவீனா