மக்தா ‘வாஸ்’ என்று சொன்னபோது

திருமழபாடி,
புரட்டாசி 7

அன்பு மகன் கோகுலகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மக்தாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் அதைக் கேட்காமல் எப்படிக் கடிதத்தைத் தொடங்குவாள், கேட்டுவிட்டேன், பதில் எப்போது வந்தாலும் சரி. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே என்று நீ சொல்லி இன்றோடு ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. உன் பேச்சை நான் மீறவில்லை. கடிதம் போடாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அயர்லாந்துக்குப் போய்ச் சேர மூன்று வாரம்கூட ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள், ஆகட்டும். இங்கே கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டுப் போய் நம் வாழை நாலு நாள் நீரில் நின்று அழுகிவிட்டது. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள். உன் தங்கை வினோதினி பாடாலூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், அவளிடமும் நீ பேசவில்லை என்று சொல்லி அழுதாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நீ மக்தா பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறாய், என் பக்கத்தை நான் சொல்ல நீ விடவில்லை, அதைத்தான் இப்போது எழுத வந்தேன். போன வருஷம் நீங்கள் இரண்டு பேரும் வந்து பத்து நாள் இருந்தபோது நான் அவளிடம் பேசியது ‘ஈட், ஈட்’ என்ற ஒரு வார்த்தைதான். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் ஏதேதோ கேட்பாள், நான் சிரித்து வைப்பேன். மாசியில் நீ போன் பண்ணி மக்தா முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது, தாய் வீடு போலந்திலே, புருஷன் வீடு இங்கே, இரண்டுக்கும் நடுவில் தனியாகக் கிடந்து பிள்ளை பெறப் போகிறவளிடம் வாயும் வயிறுமாக இருக்கிற நேரத்தில் நாலு வார்த்தை பேசக்கூடத் தெரியாத மாமியாராக இருக்கக்கூடாது என்று. எட்டாவது படித்தவள் நான், எழுத்துக்கூட்டி பஸ் போர்டும் மாத்திரைப் பெயரும் படிப்பேன், அவ்வளவுதான். பங்குனியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அரியலூருக்குப் பஸ் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் சிந்து என்ற பெண் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறாள், எம்.ஏ. படித்தவள், நம் வினோதினியைவிடச் சின்னவள். மற்றவர்கள் எல்லாம் வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள். நான் கடைசி பெஞ்சு.

உனக்கு இதெல்லாம் நான் சொல்லவில்லை, பேறுகாலத்துக்கு முன்னால் ஒரு நாள் மக்தாவிடம் நேராகப் பேசி உங்கள் இரண்டு பேரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். இந்த வயதில் படிப்பது லேசாக இல்லையடா. வகுப்பில் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னாள், மரியாதையாக இருக்கட்டும் என்று ‘தே’ போட்டு எழுதினேன், உங்களுக்கு எத்தனை வீட்டுக்காரரம்மா என்று சிந்து கேட்டதும் வகுப்பே சிரித்தது. புருஷனுக்கும் ‘ஹீ’, களவாணிக்கும் ‘ஹீ’ என்றால் அது என்ன பாஷை என்று அப்பாவுக்குக் கோபம். பெயருக்கு முன்னால் போடுகிற ‘த’ எங்கே வரும் எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வீடியோவில் நீயும் மக்தாவும் பேசுவதைக் கேட்கும்போது அவளும் பாதி இடத்தில் ‘த’வை விட்டுவிடுகிறாள் என்று கண்டுபிடித்தேன். அவளும் வளர்ந்த பிறகு கற்ற பாஷைதானே, என்னைப் போல அவளும் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா. எனக்கு ஓரளவுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான், இருக்கிறதற்கு ‘இஸ்’, இருந்து போனதற்கு ‘வாஸ்’. அதில் மட்டும் சிந்து எனக்கு ஒரு தடவைகூடச் சிவப்பு மை போட்டதில்லை.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் பண்ணினேன். அங்கே காலை நேரம், நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரிந்துதான் பண்ணினேன். மக்தா எடுத்தாள். எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தபடியே ‘ஹவ் ஆர் யூ மக்தா, ஹவ் இஸ் த பேபி’ என்று கேட்டேன். ‘ஹலோ ஹலோ’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன், நான் இங்கிலீஷ் பேசினதில் திகைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள், ‘பேபி வாஸ் எ கேர்ள்’ என்று. அங்கெல்லாம் ஆணா பெண்ணா என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். கேர்ள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. ‘வாஸ்’ என்றது கேட்டது, கேட்காமல் இல்லை. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ‘வாஸ்’ எப்படி வரும், பாவம் தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா. ‘நோ நோ மக்தா, நாட் வாஸ். பேபி இஸ் எ கேர்ள். ஐ ஆம் வெரி ஹேப்பி’ என்று, சிந்து எனக்குச் சொல்லித்தருகிற மாதிரியே நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னேன். அவள் என்னவோ ஒரு சத்தம் போட்டாள், போன் கட்டாகிவிட்டது. டவர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பொன்னாயியிடமும் எதிர்த்த வீட்டிலும் என் மகனுக்குப் பெண் பிள்ளையாம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு பிடி சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தேன் கோகுலு. அது உனக்கு இதுவரை தெரியாது.

பொழுது சாய நீ கூப்பிட்டாய். “ஒன்ன யாரும்மா இங்கிலீஷ் கத்துக்கச் சொன்னது” என்றாய். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய், ஆறு நாளைக்கு முன்னால் வயிற்றிலேயே பிள்ளையின் இதயம் நின்றுபோனது, வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தது, எல்லாம். உன் மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நடுவில் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாயே, மக்தா தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னாயே, அப்பா பிரஷர்காரர் என்று பயந்து மறைத்ததாகச் சொன்னாய், அப்படி மறைக்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா. நான் பண்ணினது பாவம்தான், அதை யார் மேலும் தள்ளவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அந்த ஆறு நாளும் தனியாகக் கிடந்தீர்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவிடம் நான் ஒன்பது நாள் கழித்துச் சொன்னேன். கொள்ளிடக் கரைக்குப் போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். தீட்டு உண்டா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை, அவராகவே ஒரு மாதம் கோயில் வாசல் மிதிக்கவில்லை, சவரம் பண்ணவில்லை. சர்க்கரை வாங்கின வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. முழு மாதம், மூச்சில்லை. துணியில் சுற்றி அப்பாவும் பெரியப்பாவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், என்னிடம் காட்டவில்லை, பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பால் கட்டினதற்கு மல்லிகைப் பூவை வைத்து மூன்று நாள் மார்பைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு நான் மல்லிகை வைத்துக்கொண்டதே இல்லை. முப்பத்து நாலு வருஷம் இந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. மக்தாவும் பால் கட்டித் துடித்திருப்பாள், அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னது பண்ணு என்றாவது சொல்லியிருப்பேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், நேற்றுக் காலையில் மக்தா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆஸ்பத்திரியில் ஒரு அட்டையில் மை தடவிப் பிள்ளையின் பாதத்தை ஒற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் படம். என் கட்டைவிரல் அளவுகூட நீளம் இல்லை. கீழே ‘மாமா, ஷீ ஹேவ் ஃபுட் லைக் யூ’ என்று எழுதியிருந்தாள். அவள் பாஷையில் அம்மாவுக்கு மாமா என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. என் காலில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், இங்கே வந்தபோது படித்துறையில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தோமே, அப்போது பார்த்து வைத்திருக்கிறாள். ‘ஹேவ்’ வராது, என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதை நான் நினைக்கக்கூட விரும்பவில்லை. ‘யெஸ் மக்தா, லைக் மீ’ என்று மட்டும் போட்டேன், அதைப் போடுவதற்குள் கண் தெரியாமல் போய்விட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார், போனைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார், “நம்ம புள்ளைக்கும் வெரலு இப்புடித்தான் இருந்துச்சு புஷ்பா. நான் துணிய வெலக்கிப் பாத்தேன்.” இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, அவர் பார்த்தார் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சொன்னார். நேற்று வீட்டில் சோறு பொங்கவில்லை.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், அது மக்தாவுக்கு, இங்கிலீஷில் நானே எழுதினது, எட்டு வரி. அன்றைக்கு நான் பேசினதற்கு மன்னிப்பும், எனக்கும் ஒரு பெண் இருந்தாள் என்பதும் அதில் இருக்கிறது. சிந்துவிடம் போனேன், தானே அழகாக எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று இரண்டு வார்த்தைக்கு மட்டும் எழுத்துக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தப்பு நிறைய இருக்கும். நீ படித்து அர்த்தம் சொல்லாதே, அவளே படித்துக்கொள்வாள், புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் கையில் கொடுத்தால் போதும். அவளைச் சீக்கிரம் வேலைக்குப் போகச் சொல்லாதே, குளிரில் நிற்க விடாதே, மிளகு ரசம் வைக்க உனக்குத் தெரியும், வைத்துக் கொடு. அவள் அழுதால் சமாதானம் சொல்லி நிறுத்தாதே, பக்கத்தில் இரு. நீயும் அழு, ஆம்பிளை அழக்கூடாது என்று உன்னை யாரும் அங்கே பார்க்கப் போவதில்லை. ஐப்பசி பிறந்தால் நாள் கணக்கு வரும், அந்தச் சமயத்தில் அவளைத் தனியாக விட்டுவிடாதே.

வைத்தியநாத சுவாமி உங்கள் இரண்டு பேருக்கும் ஆயுளும் தெம்பும் கொடுக்கட்டும். போன் பண்ண மனசு வந்தால் பண்ணு, வராவிட்டால் காத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிப் போடு. அந்த ஊரில் இப்படிப் போன பிள்ளைக்கும் பெயர் வைத்துப் பதிவார்கள் என்று சிந்து சொன்னாள். எங்கள் பிள்ளைக்கு நாங்கள் வைக்கவில்லை. நீங்கள் வைத்திருந்தால் என்ன பெயர் என்று தமிழ் எழுத்தில் எழுது, அப்பா சரியாகச் சொல்லிப் பழக வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வை. புஷ்பவல்லி