மிஷின் சத்தத்தில் மட்டும் கேட்ட காது

என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடிய என் லூர்து அக்காவுக்கு,

நீ நடிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது அக்கா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

"செத்தவங்களுக்கு லெட்டர் எழுதினா எந்த போஸ்ட்மேன் கொண்டு போவான்மே?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவளுக்குப் போகாவிட்டால் போகட்டும், நாலு பேர் கண்ணில் படட்டும் என்றேன். உன்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியதும் நாலு பேர்தானே? அவர்களே இதையும் படிக்கட்டும்.

கல்யாணமாகி குமணன்சாவடிக்குப் போகும்போது உன் காது நன்றாகத்தான் இருந்தது. அமலா பிறந்த பிறகுதான் ஆரம்பித்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாய். அதோடு உன் பேச்சும் தணிந்துகொண்டே போனது. காது மந்தமானவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? நீயோ பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதபடி பேசினாய். "வாய்க்குள்ளயே என்னைத் திட்டிகினு கீறா" என்று உன் மாமியார் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

அந்த மாவு மிஷின் நாள் நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்கு லீவுக்கு வந்த நான், நீ, உன் மாமியார் மூன்று பேரும் போயிருந்தோம். பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் பக்கத்துப் பேச்சே எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. மிஷின்காரர் உன் முதுகுக்குப் பின்னால் நின்று, "யம்மா, கேவுரா கோதுமையா?" என்று கேட்டார். நீ திரும்பாமலே "கோதுமைண்ணே" என்றாய். உன் மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னாமே, அம்மாம் பெரிய சத்தத்துல அவன் கேட்டது உன் காதுல வுயுது. ஊட்ல நான் தொண்ட கிழிய கூப்ட்டா மட்டும் வுயலியா? யார்கிட்ட நடிக்கிறே?"

"எனக்கே தெரியல அத்தே. அங்க கேக்குது, இங்க கேக்கல" என்றாய். உள்ளதைச் சொன்னாய். உள்ளதைச் சொன்னதால்தான் அகப்பட்டுக்கொண்டாய். உன்னைக் கட்டிய மாமாவும் அன்றோடு உன்னைக் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் உன் பெயரே "நடிப்புக்காரி" என்றாயிற்று.

என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாய். "காதுக்குள்ள ஓயாம மழ பெய்யுதுடி ஸ்டெல்லா." வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் நம்பினேன். பாவாடை சட்டை போட்ட பெண் நம்பி என்ன பிரயோஜனம்?

பிறகு மஞ்சள்காமாலை வந்து உன்னைக் கொண்டுபோனது. அமலா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவளை அந்த வீட்டிலேயே வளர்த்தார்கள். சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள், குறை சொல்லமாட்டேன். சோற்றோடு சேர்த்து இன்னொன்றையும் ஊட்டினார்கள்: "உங்கம்மா கொயுப்பெடுத்தவ. கூப்ட்டா திரும்ப மாட்டா."

அவள் உன் கல்லறைக்கு வந்ததே இல்லை, தெரியும்தானே? கல்லறைத் திருநாளுக்கு நான் போய்க் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லுவாள். ஒரு வருஷம் நான் விடவில்லை. அப்போது வெடித்தாள். "எனக்கு அம்மை போட்டிருந்துது சித்தி. 'அம்மா தண்ணி, அம்மா தண்ணி'ன்னு கூப்ட்டுகினே கீறேன். அவங்க முறத்த வெச்சிகினு வாசப்பக்கம் பாத்து ஒக்காந்திருந்தாங்க. திரும்பவே இல்ல. நான் கூப்ட்டப்ப வராதவங்களுக்கு நான் ஏன் மெழுகுவத்தி ஏத்தணும்?"

அந்த வருஷமும் நான் தனியாகத்தான் போனேன். அன்றிலிருந்து அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பார்க்காத அறை, நான் கேட்காத அழைப்பு. ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் யாரோ தண்ணீர் கேட்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள். உனக்காக நான் திரும்பிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

இனி என் சேதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், வரிசையாக மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் சூப்பர்வைசர் சொல்வது எனக்கு மட்டும் சுத்தமாகக் கேட்டது. மற்றவர்கள் "இன்னா சொன்னாரு?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்குப் பெருமைகூட, வீட்டில் வந்து சொல்லிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருந்தபோது என் வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா மேடம், கம்பெனில மட்டும்தான் காது கேக்குமா?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன் அக்கா. அது உன் மாமியாரின் கேள்வி. அந்த மனுஷனுக்கு உன் கதை எதுவும் தெரியாது. எங்கிருந்து வந்தது அது? கொஞ்ச நாளில் எனக்குள்ளும் மழை பெய்ய ஆரம்பித்தது. நீதான் வந்துவிட்டாயோ என்று, ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிற அமலாதான் துணைக்கு வந்தாள். காது டாக்டரம்மா கவைபோல இருந்த ஒரு கம்பியைத் தட்டி என் காதருகே பிடித்தார். கேட்கவில்லை. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். கோயில் மணிபோல் தலைக்குள் கேட்டது.

"காதுக்குள்ள குருணை அரிசி மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கும்மா" என்றார். "சத்தம் வந்தா அது ஆடணும். உங்களுக்குத் துருப்புடிச்ச கீல் மாதிரி இறுகிப்போச்சு. நரம்பு நல்லாத்தான் இருக்கு. மிஷின் ஓடுற எடத்துல எல்லாரும் தன்னால குரல உசத்திப் பேசுவாங்க. மத்தவங்க காதுல அந்த இரைச்சல் பேச்ச அமுக்கிடும். உங்களுக்கு இரைச்சலே கம்மியாத்தான் உள்ள போகும், அதனால பேச்சு தெளிவா கேக்கும். உங்க குரல் மட்டும் எலும்பு வழியா உங்களுக்கே பலமா கேக்கும். அதான் மெதுவா பேசுறீங்க. சில பேருக்குப் பிள்ள பெத்த பிறகு ஜாஸ்தியாகும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க அக்காவுக்கு" என்றேன்.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன். ஆபரேஷன் பண்ணா கேக்க வாய்ப்பிருக்கு."

நான் அமலாவைப் பார்த்தேன். அமலாதான் சொன்னாள். "அவங்க எங்கம்மா. செத்துட்டாங்க." பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "டாக்டர், சத்தமே இல்லாத ரூம்ல, பின்னால படுத்துகினு, சன்னமா கூப்ட்டா அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதும்மா."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.

உன் மாமியாரிடமும் போனேன். சும்மா விடுவேனா? ஆனால் பாரேன், இப்போது அவருக்கே வயசாகிக் காது போய்விட்டது. "லூர்துக்கு நெஜமாவே காது கேக்காது! அவ நடிக்கல!" என்று கத்திக் கத்திச் சொன்னேன். தெருவே கூடிவிட்டது. கடைசியில் அவருக்குப் புரிந்தது. "எங்களுக்கு இன்னாமே தெரியும்" என்றார். அவ்வளவுதான். அத்தனை வருஷக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு போனவள், அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் திரும்பினேன்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நான் கூப்பிடவே இல்லை. அமலாவே சாமந்திப் பூவோடு வந்து நின்றாள். கல்லைக் கழுவினோம், மெழுகுவத்தி ஏற்றினோம். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கல்லறைக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். இவள் மட்டும் நகரவில்லை. எதற்கோ காத்திருப்பவள்போல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமா கண்ணு?" என்றேன். "இரு சித்தி" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பெங்களூர் ரோட்டில் இரண்டு லாரிகள் சேர்ந்து இரைந்துகொண்டு வந்தன. சட்டென்று மண்டியிட்டு, உன் கல்லோடு வாயை வைத்து, "அம்மா!" என்று கூப்பிட்டாள். லாரிகள் போய்விட்டன. அடுத்தது வரும்வரை பேசாமல் இருந்தாள். வந்ததும் மறுபடி கூப்பிட்டாள்.

உனக்குக் கேட்டதா அக்கா?

எனக்கு ஆபரேஷன் பண்ணச் சம்மதித்துவிட்டேன். இது அமலாவுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபி கொடுப்பதற்கு முன்னால் நானே இதைச் சொல்லிவிடுவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். உன் மகளை எந்த வீட்டிலும், எந்த வாயாலும், "நடிக்கிறாள்" என்று சொல்லவிடமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அமலாவுக்குச் சித்தியாக, என்றைக்கும் உனக்குத் தங்கச்சியாக,
ஸ்டெல்லா
அம்பத்தூர்