அக்லாயா அம்மையாரின் அடக்கத்தை மறுத்த லேவியர்

அனுப்புநர்:
தனாசே பெர்காரு (வயது 54),
அடுப்பு கட்டும் கொத்தனார், சபை உறுப்பினர்,
வலேனி மிக்கா கிராமம், ருமேனியா.

பெறுநர்:
மண்டலக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஊழியர் ஒழுங்குக் குழு.

பொருள்: போதகர் செவெர் ஹோந்த்ரியா ஒரு விதவையின் அடக்க ஆராதனையை மறுத்ததும், அதை நடத்திய என்னைச் சபை நீக்கம் செய்ததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் போதகர் சென்ற ஆண்டு முதல் தம்மை லேவியர், அதாவது இஸ்ரவேலின் ஆசாரியக் கோத்திரத்தார், என்று சொல்லிவருகிறார். எங்கள் கிராமத்தில் அவருடைய தாத்தா பன்றி வியாபாரி. பன்றியைத் தீட்டென்று ஒதுக்கிய யாக்கோபின் வம்சத்தில் எந்தக் குமாரன் வழியில் அந்த வியாபாரம் வந்தது என்பதை நாங்கள் கேட்கவில்லை. மரியாதை கருதி விட்டுவிட்டோம்.

2. சகோதரி அக்லாயா துதோசே, மர அறுவை ஆலையில் கணவனை இழந்தவர். சிறுநீரக நோயாளி. ஓய்வூதியம் மருந்துக்கே போய்விடுவதால், தசமபாகமாக, அறுவடையில் பத்தில் ஒரு பங்கு முட்டைகோஸையும் அவரைக்காயையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு ஜெப வீட்டுக்கு வந்தார். தசமபாகம் பணமாகவே வர வேண்டும் என்பவர் போதகர்; வாசலிலேயே மறித்தார்.

"என்ன சகோதரி, ஆண்டவர் வீட்டுக்கு முட்டைகோஸைத் தள்ளிட்டு வர்றீங்க? இதென்ன சந்தையா?"

"என் தோட்டத்துல இதுதான் விளையுது ஐயா. லேய் நோட்டு விளையலையே."

சிரித்தவர்களில் நானும் ஒருவன். போதகர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்துத் தட்டு அந்த அம்மையாரைத் தாண்டிப் போனது. அவர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை; யாரும் எழுந்து கேட்கவும் இல்லை. நானும்தான்.

3. பிப்ரவரியில் அவர் இறந்தார். அவருடைய மகளுக்காக, அடக்கத்துக்கு அழைக்கப் போன என்னிடம் போதகர் சொன்னது: "பத்துல ஒண்ணு குடுக்காதவ தேவனைத் திருடினவ. திருடிக்கு நான் ஜெபம் பண்ண மாட்டேன். போ, போய் வேலையப் பாரு."

4. வேலையைப் பார்த்தேன். மண் உறைந்து கிடந்தது. விறகெரித்து இளக்கி, ஆறு பேர் குழி வெட்டினோம். இடம் கொடுத்தவர் ஆர்த்தடாக்ஸ் குரு இலாரியோன். திருவுருவப் படங்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாக நாங்கள் வாய்ச்சண்டை போடும் அதே மனிதர். கல்லறைத் தோட்டத்தின் கதவைத் தாமே திறந்து, "உள்ள வாங்கப்பா. பாட்டு மட்டும் கொஞ்சம் மெதுவா, உங்க ஆளுங்க சுருதி செத்தவங்களையே எழுப்பிடும்" என்றார். நம்முடைய பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து நமக்காகப் பரலோகத்தில் பிரவேசித்தார் என்ற எபிரெயர் நிருபப் பகுதியை நான் வாசித்தேன். ஜெபித்தேன். மண் போட்டோம்.

5. இதற்காகப் போதகர் என்னை ஆறு மாதம் நீக்கியிருக்கிறார். குற்றம்: ஆசாரிய ஊழியத்தில் அத்துமீறல். ஆசாரியரை மீறி ஆலயத்தில் தூபம் காட்டப் போன உசியா ராஜாவைப் போல என் நெற்றியில் குஷ்டம் தோன்றும் என்று பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தார். இன்று காலை வரை தோன்றவில்லை.

6. போதகர் லேவியரே என்று வைத்துக்கொள்வோம். லேவியருக்கு நிலத்தில் சுதந்தரம், அதாவது பரம்பரைப் பங்கு, இல்லை என்கிறது எண்ணாகமம். தம் பெயரில் உள்ள ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டத்தை அவர் யாரிடம் ஒப்படைக்கப்போகிறார்? லேவியர் ஐம்பது வயதில் பணியை விட வேண்டும். நம்மவருக்கு அறுபத்து மூன்று. தசமபாகம் தானியமாகவும் எண்ணெயாகவும் மந்தையாகவும் வந்தது; மூன்றாம் வருடப் பங்கில் லேவியரோடு விதவையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளிடமிருந்து பிடுங்கச் சொன்ன வசனம் எங்கே? தசமபாகம் தராதவன் தேவனைத் திருடுகிறான் என்னும் மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தை ஞாயிறுதோறும் முழங்குகிறார். இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியரின் முகத்தில் சாணியை இறைப்பேன் என்று கர்த்தர் சொல்வதை அவர் வாசித்து நாங்கள் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் அவருடைய வேதாகமத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அவர் லேவியர் இல்லை என்றால் பேச்சு இன்னும் சுருக்கம். நம் ஆண்டவர் யூதா கோத்திரத்தார். அவரோடு பழைய ஆசாரியத்துவம் முடிந்தது. இப்போது விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியரே, அடுப்புக் கொத்தனார் உட்பட. கொடுப்பது மனதிலிருந்து வர வேண்டும். அக்லாயா கைவண்டியில் கொண்டுவந்தது அதைத்தான்.

7. ஆகவே, போதகர் அடித்துவிட்ட சகோதரி அக்லாயாவின் பெயரைச் சபைப் பதிவில் திரும்ப எழுதவும், போதகர் அந்த அம்மையாரின் மகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். என் நீக்கத்தைப் பற்றி உங்கள் விருப்பம்.

சபையில் இப்போது இருவர் படுக்கையில் கிடக்கிறார்கள். இருவரும் தசமபாகம் செலுத்தாதவர்கள். அவர்கள் போய்ச் சேருமுன் உங்கள் பதில் வந்து சேர்ந்தால் நன்று. வராவிட்டால் அவர்கள் அடக்கத்திலும் நானே வாசிப்பேன்; இதை மிரட்டலாக அல்ல, முன்கூட்டிய வாக்குமூலமாகக் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

இடம்: வலேனி மிக்கா
நாள்: மார்ச் 11

கிறிஸ்துவுக்குள் கீழ்ப்படிதலோடு, அவருக்கு மட்டும்,
(ஒப்பம்) தனாசே பெர்காரு