பதிலாள் வாசித்த மூன்று நிமிடம்

ஜனவரி 14, 2008, திங்கள்

மழை. நைஜல் மறுபடி தொலைபேசினான். ஸ்டாக்போர்ட்டில் தன் கார் கொட்டகையை இசைத்தட்டு நிறுவனமாக நடத்துகிறவன். கார் வெளியே நனைகிறது. கலைந்துபோன ஆங்கிலேய ஜாஸ் இசைக்குழுக்களின் பழைய மேடைப் பதிவுகளை எங்கெங்கிருந்தோ பிடித்து வந்து வட்டாகப் போடுகிறான். முந்நூறு பிரதி அச்சிட்டால் இருநூற்று எழுபது விற்கும். மீதி முப்பதை வாங்க வேண்டியவர்கள் அதற்குள் காலமாகிவிடுகிறார்கள்.

"ஆர்தர், பொக்கிஷம் கெடச்சிருக்கு. வால்டர் பிம்லாட் ஆர்கெஸ்ட்ரா, சண்டர்லண்ட், அறுபத்தஞ்சு நவம்பர். லென் க்ராஸ்டன் தனியா வாசிச்ச அந்த சோலோ முழுசா இருக்கு! வட்டு உறையில போடற குறிப்ப நீங்கதான் எழுதணும். அந்த மேடையில இருந்தவங்கள்ல உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

இதை அவன் வாழ்த்துபோலச் சொன்னான். நானும் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்?

ஜனவரி 17, வியாழன்

வட்டு தபாலில் வந்தது. சமையலறை அலமாரிகளைத் துடைத்தேன். இரண்டு தடவை.

ஜனவரி 19, சனி

மதியம் போட்டுக் கேட்டேன்.

முதலில் இருமல்கள். இங்கிலாந்து வடகிழக்கின் நவம்பர் இருமல், நாற்பத்திரண்டு வருடமாகியும் ஆறவில்லை. இருமியவர்களில் பாதிப்பேர் இன்று கல்லறையில் இருப்பார்கள். இங்கே இன்னும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். பிறகு எங்கள் குழு. பிம்லாட் எண்ணித் தொடங்கும் குரல். என் பாரிடோன் சாக்ஸபோன், வலப்பக்கம், கொஞ்சம் சுருதி இறங்கி. நான்காம் பாட்டின் நடுவே பிம்லாட் அறிவிக்கிறார்: "இதோ, உங்கள் லென் க்ராஸ்டன்!" மண்டபம் சிரிக்கிறது. பெரிய சிரிப்பு.

அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்த கடைசி மனிதன் நான். எனவே இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

அன்று காலை லென் வரமாட்டார் என்று தகவல் வந்தது. எங்கள் தொழிலில் வர முடியாதவன் பதிலாள் அனுப்புவான். பதிலாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த மாலைக்கு அவனாகவே இருந்துவிட்டுப் போவான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எங்கள் இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்த டெனர் சாக்ஸபோன்காரர் ஒரே ஒருவர்: கேட்ஸ்ஹெட்டில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த மேவிஸ் ஹெப்பிள். லென்னின் கோட்டு அவள் முழங்கால்வரை தொங்கியது. கைவிரல்கள் வெளியே தெரியவில்லை. சுவரொட்டியில் லென்னின் பெயர் இருந்ததால் பிம்லாட் லென் என்றே அறிவித்தார். அவள் எழுந்து நின்றாள். மண்டபம் சிரித்தது.

சிரிப்பு பல அடுக்கு. ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருந்தது பாரிடோன் நாற்காலி. அந்தச் சிரிப்பில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது என்னுடையது.

பிறகு ஒரு மூச்சு இழுக்கும் ஓசை. பிறகு அவள் வாசித்தாள். அந்த நீண்ட முதல் வரி முடிவதற்குள் மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை. மூன்று நிமிடம்.

ஜனவரி 22, செவ்வாய்

இன்றும் கேட்டேன். அந்த ஆள் இன்னும் சிரிக்கிறான். முப்பத்து மூன்று வயது அவனுக்கு.

பிப்ரவரி 2, சனி

நைஜலின் கொட்டகையில் பிரையன் ஓல்ட்ராய்டைச் சந்தித்தேன். பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் எந்த ஜாஸ் குழு எந்தத் தேதியில் எங்கே வாசித்தது, யார் யார் இருந்தார்கள் என்று நான்கு பாகங்களில் எழுதியிருக்கிறார். வாத்தியம் எதையும் தொட்டதில்லை. அதனால் அபிப்பிராயங்கள் கெடாமல் இருக்கின்றன.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு 'நவம்பர் திருப்பம்'. அதுவரை வேகமும் வெடிப்புமாக வாசித்த லென் க்ராஸ்டன், சண்டர்லண்டில் திடீரென்று நீண்ட மூச்சுக்கும் இருண்ட தொனிக்கும் மாறி, அதற்குப்பின் முப்பது வருடம் அப்படியே வாசித்தார். எனவே அந்த மேதையின் பிற்காலம் பிறந்த நாள் 13 நவம்பர் 1965. இதைப் பற்றி மட்டும் அறுபது பக்கம்.

நான் சொல்லிவிட்டேன். "பிரையன், அது லென் இல்ல. மேவிஸ் ஹெப்பிள்னு ஒரு பொண்ணு. பதிலாளா வந்தா."

நைஜல் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். ஓல்ட்ராய்ட் தன் ஃபிளாஸ்க்கை மூடினார்.

"அந்தச் சிரிப்பு?" என்றார்.

"அவ கோட்ட பாத்துச் சிரிச்சாங்க."

"லென்னோட வழக்கமான கோமாளித்தனம் அது. மூணாம் பாகத்துல விளக்கியிருக்கேன்."

"யோவ், நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்யா!"

"அதான் சிக்கலே, ஆர்தர். பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஞாபகம்தான் இருக்கும். என்கிட்ட காது இருக்கு. லென்னோட பிற்கால மூச்ச நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிடுவேன்." பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அதுவும் இல்லாம, எழுபத்து நாலுல நான் கடுதாசி போட்டுக் கேட்டப்ப ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. 'டெனர்: க்ராஸ்டன். நான் உடனிருந்தேன். ஆர்தர் சக்டன்.' அன்னைக்கு அவருக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. இன்னைக்கு உங்களுக்கு எழுபத்தாறு. எந்த சக்டனை நான் நம்பணும், நீங்களே சொல்லுங்க."

கையெழுத்து நன்றாக இருந்தது. அப்போதெல்லாம் எனக்குக் கை நடுங்காது.

பிப்ரவரி 3, ஞாயிறு

தாளைக் காட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மீதியை நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

எழுபத்து நான்கில் ஓல்ட்ராய்டின் கடிதம் வந்தபோது லென் என்னிடம் கேட்டுக்கொண்டார்: "நான் அங்க இருந்தேன்னே சொல்லிடு, ஆர்தர்." அன்று அவர் லீட்ஸில் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்ததாகக் குழு முழுக்கப் பேச்சு. அவர் மனைவி டோரீன் நல்லவர். அவர் காதுக்குப் போகக்கூடாது என்றுதான் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மான்செஸ்டர் நாடக அரங்கின் இசைக்குழுவில் எனக்கு நிரந்தர இடம் வாங்கித் தந்ததும் அதே லென் என்பதை, சொல்லிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட்ட ஒரு வாரம் கழித்து மேவிஸிடமிருந்து கடிதம். கோடு போட்ட தாள். வானொலி இசைக்குழு ஒன்றில் இடம் காலியாம். பெயர் பெற்ற குழுவில் வாசித்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். 'சண்டர்லண்டில் வாசித்தது நான்தான் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும், மிஸ்டர் சக்டன். உங்களுக்கு நினைவிருக்கும்.'

நினைவிருந்தது. பதில் போடல. ஒரு வரி — ஒரே ஒரு வரிதானே கேட்டா? என்ன கொள்ளை போச்சு எனக்கு? தபால்பெட்டி தெருமுனையிலதான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

சமையற்கூடத்திலேயே வேலை பார்த்து 1991இல் இறந்துபோனாள். பத்திரிகையில் இரண்டு வரி. அதிலும் சாக்ஸபோன் இல்லை.

பிப்ரவரி 11, திங்கள்

பல் தேய்க்கும்போது அந்த மூச்சு. பேருந்துக் கதவு திறக்கும்போது அந்த மூச்சு. பேய் என்றால் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் தொழிலில் எல்லாப் பேயும் நிமிடக் கணக்கோடு வரும். இது வட்டின் பதினெட்டாவது நிமிடம்.

என் சொல்லை என் சொல்லே அடித்துவிட்டது. இனி ஓல்ட்ராய்டை அசைக்கக்கூடியது ஒரே ஒருவர் சொல். அன்றைக்கு லென் சண்டர்லண்டில் இல்லை என்று அவர் மனைவி சொல்ல வேண்டும். அதாவது நான் எண்பத்தொரு வயது விதவையின் வீட்டுக்குப் போய், உங்கள் கணவர் அன்று வேறொருத்தி வீட்டில் இருந்தார், தயவுசெய்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

பிப்ரவரி 20, புதன்

சவுத்போர்ட். டோரீன் டப்பா சால்மன் மீன் வைத்த சாண்ட்விச் செய்திருந்தார், ஓரங்களை வெட்டி. நான் இரண்டு தின்று, வானிலையைப் பேசி, கடல் எவ்வளவு தூரம் உள்வாங்கியிருக்கிறது என்பதைப் பேசி, மூன்றாவதை எடுத்தேன்.

"ஆர்தர், நீ சாண்ட்விச்சுக்கு வரல. சொல்லு."

சொன்னேன். லீட்ஸை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அதை அவரே எடுத்தார்.

"லீட்ஸ்ல எவளோ இருக்கான்னு நீங்கெல்லாம் பேசிக்கிட்டதுதானே? கெளப்பிவிட்டதே அவர்தான்."

"அவரேவா?"

"அன்னைக்கு மேல் மாடியில படுத்துக் கெடந்தாரு, தலகாணியில ரத்தத்தோட. மொத்தப் பல்லையும் ஒரே நாள்ல புடுங்கிட்டாங்க. முப்பத்தொம்பது வயசு. பல்செட்டு வெச்ச டெனர்க்காரனை எவன் கூப்புடுவான்? அதனால லீட்ஸ்."

மேதைக்குக் கள்ளக்காதலி இருக்கலாம், பல்செட் இருக்கக்கூடாது. இதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. முப்பத்து நான்கு வருடமாக எதிலிருந்து இவரைக் காப்பாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பல்லிலிருந்து.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"பல்செட்டோட பழையபடி வேகமா வாசிக்க வரல. அழுதாரு. அப்பத்தான் யாரோ அந்த சண்டர்லண்ட் ஒலிநாடாவ அனுப்புனாங்க. முன்னறைக் கதவ சாத்திக்கிட்டு நாலு மாசம், ஆர்தர். போடுவாரு, நிறுத்துவாரு, திரும்பப் போடுவாரு. அவ எங்க மூச்சு எடுக்கறான்னு பென்சில்ல குறிச்சு வெச்சுக்குவாரு. வசந்தத்துல வெளிய வந்தப்ப அவளாத்தான் வந்தாரு."

மூன்றாவது சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தேன். ஓல்ட்ராய்டின் காது பொய் சொல்லவில்லை. அந்த நாடாவில் இருப்பது பிற்கால லென்தான். முப்பது வருடம் ஊர் ஊராகக் கைதட்டு வாங்கியது மேவிஸ் ஹெப்பிளின் மூச்சு. அவளும் கேட்டிருப்பாளா? வானொலியில், பாத்திரம் கழுவிக்கொண்டு?

டோரீன் எழுந்து போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். "ஒரு வரி எழுதித் தரேன். அன்னைக்கு அவர் வீட்ல உடம்பு முடியாம இருந்தாரு, நான் கூட இருந்தேன்னு. அவ பேர் போடட்டும். ஆனா பல்லு, முன்னறை, நாலு மாசம் — இதெல்லாம் இந்த வீட்ட விட்டுப் போகக்கூடாது. அவர் பேர் ஒண்ணுதான் எனக்கு மிச்சம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வாங்கிக் கொண்டு வந்த அந்த ஒரு வரி இப்போது மேசைமேல் இருக்கிறது. எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஓல்ட்ராய்ட் ஏற்றுக்கொண்டார். 'மனைவியின் எழுத்துமூலச் சாட்சி: இரண்டாம் தரம்.' என்னுடைய 1974 சாட்சி முதல் தரமாக இருந்ததாம். இப்போது எனக்குத் தரமே கிடையாது.

மார்ச் 13, வியாழன்

உறைக்குறிப்பை அனுப்பினேன். 1974இல் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்பதையும் சேர்த்து. மேவிஸின் கடிதத்தையும்.

நைஜல் கேட்டான்: "இதெல்லாம் வேணுமா ஆர்தர்? உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

"என் பேர் மூணாவது பக்கத்துல, பொடி எழுத்துலதானே வரும். போடு."

மே 10, சனி

வட்டு வந்தது. டெனர் சாக்ஸபோன்: மேவிஸ் ஹெப்பிள். அச்சில். எழுத்துப்பிழை இல்லை.

ஒரு பிரதியை யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. முகவரி இருக்கிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை.

ஜூன் 7, சனி

காலாண்டு இதழில் ஓல்ட்ராய்டின் மதிப்புரை. ஒரு பகுதியை அப்படியே படியெடுக்கிறேன், சுருக்கினால் மணம் போய்விடும்:

'மிஸ் ஹெப்பிள் திறமையான நகலாளர். க்ராஸ்டனின் பிற்காலப் பாணியை அச்சுப் பிசகாமல் பின்பற்றுகிறார். நீண்ட வரிகளில் மட்டும் அசலின் ஆழம் இல்லை. இவர் 1965 நவம்பரிலேயே அதை நகலெடுத்திருப்பதால், க்ராஸ்டனின் திருப்பம் அதற்கும் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். அந்த முந்தைய பதிவைத் தேடிவருகிறேன்.'

மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். சத்தியம் நினைவுக்கு வந்தது. எழுந்தேன். மறுபடி ஒரு பதிலை எழுதாமல் இருக்கப்போகிறேன், இந்தத் தடவை சரியான காரணத்துக்காக. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை பத்து மணிக்கு டோரீன் தொலைபேசினார். லென் காலத்துச் சந்தா. இதழ் அவருக்கும் வருகிறது.

"நகலாளராமே," என்றார்.

"ஆமா."

"ஆழம் இல்லையாமே."

 அந்தப் பக்கம் இதழை மூடிவைக்கும் சத்தம். 

"நாலு மாசம் அந்தப் பொண்ணு எங்க முன்னறையில இருந்தா, ஆர்தர். அதுக்கப்புறம் முப்பது வருஷம் அவரோட சாப்பாட்டு மேசையில உக்காந்திருந்தா. நான் ஒரு வாய் டீகூட குடுத்ததில்ல." மூக்கை உறிஞ்சினார். "பென்சில் குறிப்பெல்லாம் பியானோ முக்காலிக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு. அவர் கையெழுத்து. தேதி போட்டிருக்காரு. 'இங்கே மேவிஸ் மூச்சு', 'இங்கேயும் மேவிஸ்'னு."

"டோரீன், பல்லு விஷயம்—"

"பல்லோடதான் சொல்லப்போறேன். அந்த பூகோள வாத்தியாரு நம்பரச் சொல்லு. மெதுவாச் சொல்லு, கண்ணாடி போட்டுக்கறேன்."

சொன்னேன். அவர் ஒவ்வோர் எண்ணாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார்.