கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்புக் கல்

இன்று காலை பீரோவின் மேல்தட்டைத் துடைக்கும்போது ரோஸ் தாளில் மடித்த பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. நகைக்கடையில் மோதிரத்தை மடித்துக் கொடுப்பார்களே, அந்தத் தாள். உள்ளே உன் குளோஸ்-அப் லென்ஸ். நீ கண்மூடிய பிறகு உன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

தி.நகர் நகைக்கடையில் நான் கேட்லாக் வேலை பார்த்தேன். ராயப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து நகைகளைப் படம் எடுத்துத் தருவாய் நீ. கூட்டத்தில் அந்தப் பெரிய மீடியம் ஃபார்மட் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்குவாய். கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் வாங்க உனக்குக் கட்டுப்படியாகவில்லை. இருக்கிற லென்ஸின் முன்னால் இந்தக் கண்ணாடியைத் திருகி மாட்டுவாய். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பி விட்டுவிட்டு, அப்புறம் அதைத் தொடவே மாட்டாய். கேமராவைத்தான் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துவாய். மேலிருந்து குனிந்து, கேமராவின் மேல்பக்கத் திரையில் கல் தெளியும்வரை மூச்சை அடக்கியிருப்பாய்.

"இதுக்கு ஒரே தூரம்தான்டி. அங்க நின்னா தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் எல்லாம் கலங்கிடும்" என்பாய்.

மயிலாப்பூர் மாமியின் பதக்கம் வந்தது அந்த நாட்களில்தான். அவருடைய அம்மாவின் நகை. நடுவில் பெரிய சிவப்புக் கல். கல் ஆடுகிறது என்று பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். மாடியில் கல் பதிக்கும் பாயிடம் அதைக் கொடுப்பதற்கு முன் நீ கேட்டு வாங்கி, உன் சொந்தக் கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒரு படம் எடுத்துக்கொண்டாய். கேட்லாக்குக்கு அல்ல, அழகாயிருந்தது என்பதற்காக.

பழுது முடிந்து பதக்கம் திரும்பியதும் மாமி கையில் வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது எங்காத்துக் கல் இல்லை. அம்மா போட்டுண்டிருந்தப்போ இப்படிப் பளபளன்னு இருக்கலை."

கடை முதலாளி அண்ணாச்சி பாயைக் கீழே கூப்பிட்டார். "கல்லுக்கு அடியில வைக்கிற தகடு கறுத்துப் போயிருந்துச்சு அண்ணாச்சி. புதுசு வெச்சேன். அதான் கல்லு வெளுப்பாத் தெரியுது" என்று பாய் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. "நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்றார் அண்ணாச்சி. எத்தனையோ வருடம் அந்த மாடியில் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதர், கையைத் துடைத்த துணியை மடித்தபடி நின்றார்.

அடுத்த அறையில் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்த நீ வெளியே வந்தாய்.

"அண்ணாச்சி, அவசரப்படாதீங்க. பழைய கல்லை நான் படம் எடுத்து வெச்சிருக்கேன். இப்பவும் அதேமாதிரி ஒண்ணு எடுக்கறேன். ரெண்டையும் வெச்சுப் பாருங்க."

"ஏம்மா, கலர் மாறியிருக்குன்னுதான சண்டையே. கறுப்பு வெள்ளைல என்ன தெரியப்போவுது?"

"கலர்தான் அண்ணாச்சி நம்மள ஏமாத்திக்கினு கீது."

மாமியின் முன்னிலையிலேயே படம் எடுத்தாய். அதே கண்ணாடி, அதே தூரம், பக்கவாட்டில் அதே ஒற்றை விளக்கு. பிறகு வீட்டுக்குப் போய்ச் சுருளைக் கழுவிக் காயவைத்து, இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு மறுநாள் மதியம் கொண்டுவந்தாய். மாமியும் வந்திருந்தார்.

மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். உள்ளங்கை அகலத்துக்குக் கல். இரண்டிலும் அதன் அடிவயிற்றில், கோழி இறகு ஒடிந்து கிடப்பதுபோல் ஒரு கீறல். அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள். பழையதில் மங்கல், புதியதில் தெளிவு. மற்றபடி அச்சு அசல். வேறு கல்லில் அதே இடத்தில் அதே இறகு எப்படி வரும்?

மாமி புதிய படத்தின்மேல் விரலை வைத்தார். "அப்போ அம்மா கல்யாணத்துல போட்டுண்டபோது இப்படித்தான் ஜொலிச்சிருக்குமோ? நான் பார்த்ததெல்லாம் அழுக்கு ஏறினப்புறம்தானா?" என்று கேட்டார். கண் நிறைந்துவிட்டது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரி. பாயை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க."

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நீ விளக்கு ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இன்னாது சரி? எல்லார் முன்னாடியும்தான அனுப்பினீங்க? நீங்களே போய்க் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றாய். உன் வருமானத்தில் பாதி அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. அண்ணாச்சி உன்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பாயின் வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டபோது, கவுண்டரில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம்.

படங்களைக் காட்டிய அன்று மாலை உன்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். உஸ்மான் சாலை நெரிசலில் கேமராவுக்கு ஒரு கையை அரணாக வைத்தபடி நடந்தாய்.

"பாய்மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இருந்துச்சு. ஆனா எடுக்கறப்போ படத்துல இன்னா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருவேளை கல் மாறியிருந்தா?"

நீ யோசிக்கவே இல்லை. "அதையும் காட்டியிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாய்.

இப்போது அந்தக் கடையில் புகார் கேட்கும் நாற்காலி என்னுடையது. யார்மேலாவது பழி வரும்போது, எனக்குப் பிடித்தவர் பக்கம் மனசு முதலிலேயே சாய்ந்துவிடுகிறது. கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஓடவிடுவதற்குமுன் ஒரு நிமிடம் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் விரும்பாதது இதில் இருந்தால், அதையும் காட்டுவேனா? ஆமாம் என்று மனசு சொன்ன பிறகுதான் திரையைத் திறக்கிறேன். உனக்கு உடனே வந்த பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது.