வந்துகினே கீது

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே வெயில் கொளுத்தல். ராயபுரம் பாலத்தில் கன்டெய்னர் லாரி வரிசை. லேப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் கூப்பிட்டார். அடுத்த வியாழன் ஆராய்ச்சிக் கமிட்டி. அதற்குள் என் இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் புரதத்தை மூட்டை கட்டிவிட்டு வேறொருவர் ப்ராஜெக்டில் சேர வேண்டியதுதான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எழுதினால் தெளியுமா பார்ப்போம். உயிர்ச்செல்லுக்குள் இருக்கும் நெரிசல் போல ஒரு கெட்டிக் கரைசல். அதில் ஒளிரும் பெரிய புரதம். எவ்வளவு வேகமாக நகர்கிறது? ஒரு முறை: ஓர் இடத்தின் ஒளியை லேசரால் அணைத்துவிட்டு, பக்கத்துப் புரதங்கள் வந்து நிரப்ப எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. அது மெதுவாக என்கிறது. இன்னொன்று: ஒவ்வொரு புரதத்தையும் ஒரு புள்ளியாக வீடியோ எடுத்துப் பின்தொடர்வது. அது வேகமாக என்கிறது. ஒரே கரைசல், ஒரே புரதம், இரண்டு பதில். மண்டை காய்கிறது.

வாங்க வேண்டியவை: லென்ஸ் துடைக்கும் பேப்பர், அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். மணலிப் பக்கத்து ஆலை நாற்றம், ஜன்னல் திறக்க வழியில்லை.

இர்ஃபானோடு உட்கார்ந்து வீடியோக்களைச் சலித்தெடுத்தேன். பக்கத்து மேசை, புளியந்தோப்புக்காரன். அசையாத புள்ளியெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்று நீக்குவது எங்கள் வழக்கம். நாங்கள் வைத்த பெயர் கலீஜ்.

"இதுவும் கலீஜா?" என்றான்.

"கலீஜ்தான். தூக்கு."

மேடம் முன்னால் மட்டும் 'ஒட்டிய துகள்கள்'. அவரிடம் ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டுத்தான் பேசுவேன்.

பதில் மாறவில்லை. அழுகை வந்தது. டீ குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காசிமேடு. அம்மாவின் மீன் கடையில் ஐஸ் தீர்ந்துவிட்டது. நான் போய் வாங்கித் திரும்பும்போது ஏலக் கூட்டம். இடுப்பில் ஐஸ் டப், முன்னால் மீன் கூடை, பின்னால் வேன், இரண்டு பக்கமும் பேரம். ஒரு பூனை கால்களுக்கு நடுவே சர்ரென்று போய்விட்டது. எனக்கு டப்பைத் திருப்பக்கூட இடமில்லை. காதில் ஹெட்செட், அதில் அம்மா.

"எங்கடி கீற?"

"வந்துகினே கீறேன்மா."

"இன்னா வந்துகினே கீற? இங்கேர்ந்து பாத்துகினுதான் கீறேன், நின்ன எடத்துலயே கீற. சங்கரா மீனு கெட்டுப்பூடும்டி!"

பொய்யில்லையே. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று ஆடிக்கொண்டுதான் இருந்தேன். வேன் விலகியது. ஒரே பாய்ச்சலில் ஏழெட்டு அடி. மறுபடி நிறுத்தம்.

அங்கேயே உறைத்தது. கலீஜ் என்று தூக்கியெறிந்ததெல்லாம் அழுக்குதானா? அல்லது நின்ற இடத்தில் ஆடிக்கொண்டு, இடைவெளிக்குக் காத்திருந்த புரதமா? மெதுவானதையெல்லாம் நானே தூக்கிவிட்டு, மிச்சம் வேகமாக இருக்கிறதே என்று ஒப்பாரி வேறு!

ஐஸ் பாதி தண்ணீர். அம்மாவிடம் திட்டு. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

தூறல். முதல் வேலை: அதே கண்ணாடி, நெரிசல் இல்லாத வெறும் கரைசல். அழுக்கு என்றால் இதிலும் அதே அளவு ஒட்டியிருக்க வேண்டும். சொற்பம்தான்! அப்புறம் கெட்டிக் கரைசலில் நீளமான வீடியோ.

"அசையலியே," என்றான் இர்ஃபான்.

"இருடா."

புள்ளி நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு தாவல்.

"ஐயோ, போய்கினே கீது பாரு!"

நாங்கள் கத்தியதில் பக்கத்து லேப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

நீக்கியதையெல்லாம் சேர்த்து மறுபடி கணக்கு. இரண்டு பதிலும் நெருங்கி வருகின்றன. அச்சு அசலாக இல்லை. மேடம் நெடுநேரம் பார்த்தார். "முதலில் ஏன் நீக்கினோம் என்பதையும் கமிட்டியில் சொல்லிவிடு" என்றார். சொல்ல வேண்டும். பயம்தான், ஆனாலும் நல்ல பயம்.

தைலம் மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில், கடல்காற்று. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கமிட்டியில் மூத்தவர் கடைசியாகத் திரையைக் காட்டிக் கேட்டார். "அந்தப் புள்ளி நிற்கிறதா, நகர்கிறதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

இஸ்திரி போட்ட சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

"வந்துகினே கீது சார்."

மேடம் குனிந்துகொண்டார், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. வேறு வழியில்லாமல் விளக்கினேன்: எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்னால், இருப்பது இதே இடம்தான், ஆனால் வழி கிடைத்ததும் வந்துவிடுவேன் என்று அர்த்தம். மூத்தவர் அதைக் குறித்துக்கொண்டார்!

வெளியே காத்திருப்பு. மேடம் கதவைத் திறந்தார்.

"தொடரலாம். புரதம் உன்னுடையதுதான்."

உடனே அம்மாவுக்கு போன்.

"இன்னா சொன்னாங்கடி?"

"என்னோடதுதாம்மா. தொடரச் சொல்லிட்டாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் பழைய குரல். "சரி, தைலம் வாங்குனியா? எங்க கீற?"

"வந்துகினே கீறேன்மா."

"அப்போ இன்னும் கெளம்பவே இல்ல."